சிம்பென்டே பள்ளிக்கு வெளிப்புறம் வந்த கதை

சிம்பென்டே ஆரம்பப் பள்ளிக்குச் சுவர் கிடையாது. சுவர் இல்லாததால் கதவு கிடையாது, கதவு இல்லாததால் பூட்டு கிடையாது, பூட்டு இல்லாததால் அந்தப் பள்ளியில் இதுவரை ஒரு சாவியும் தொலைந்தது கிடையாது. மலாவியில் இப்படிச் சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ள தலைமையாசிரியர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவரான யோனா கம்வேந்தோ அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அவரிடம் இருந்தது ஒரு மாமரம். அதன் நிழலை நாலாகப் பங்கு போட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை நூற்று நாற்பத்தாறு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வெயில் நகர நிழல் நகரும், நிழலோடு பள்ளியும் நகரும். யோனா ஒரு கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு நகர்வார், இன்னொன்றை எனெலெசி டீச்சர் தூக்கிக்கொண்டு நகர்வாள். பள்ளியில் ஆசிரியர்கள் அந்த இரண்டு பேர்தான்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நவம்பரில் மழை இறங்கும். மழை இறங்கினால் பள்ளி கிடையாது. பிள்ளைகள் மக்காச்சோளக் கொல்லையில் களை எடுக்கப் போவார்கள். மார்ச்சில் மழை விட்டதும் சிலர் திரும்பி வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். போன மழைக்கு அப்படி வராமல் போனவர்கள் ஐம்பத்தொரு பேர். அந்த ஐம்பத்தொரு பேருடைய பெயரும் யோனாவுக்கு மனப்பாடம். மாவட்டத்தில் வேறு எந்தத் தலைமையாசிரியருக்கும் இந்த வியாதி இல்லை.

ஆகவே அவருக்கு வேண்டியது ஒரு கூரை. அதற்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு வரிசை உண்டு. வருஷத்துக்கு மூன்று பள்ளிகளுக்கு வகுப்பறை கட்டித் தருவார்கள். சிம்பென்டே அந்த வரிசையில் பதினோரு வருஷமாக நின்று, நகர்ந்து நகர்ந்து, இப்போது மூன்றாவது இடத்துக்கு வந்திருந்தது. அடுத்த முறை அவர்களுக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. எனெலெசி மரத்தில் சாய்ந்துகொண்டு அதை உரக்கப் படித்தாள்.

"நாலு சுவருக்குள்ள நாள் முழுக்க அடைபட்டுக் கிடக்கிறதால நம்ம பிள்ளைங்க காத்து, வெளிச்சம், இயற்கை எதுவும் தெரியாம வாடிப்போகுதுங்களாம் சார். அதனால ஒவ்வொரு பள்ளிக்கும் திறந்தவெளிக் கற்றல் இடம் அமைக்க அரசாங்கம் நிதி குடுக்குதாம்."

யோனா சுற்றிலும் பார்த்தார். நாலாம் வகுப்பின் மேல் ஒரு காக்கை எச்சமிட்டுவிட்டுப் போனது.

"நமக்கு இது வேணாம்னு எழுதிடு," என்றார்.

"வேணாம்னு எழுத இதுல இடமே விடல சார். விண்ணப்பிக்கிறோம்னு ஒரு கட்டம், மகிழ்ச்சியோட விண்ணப்பிக்கிறோம்னு இன்னொரு கட்டம். ரெண்டுதான் இருக்கு."

மறுநாள் யோனா சைக்கிள் டாக்சியின் பின்னால் உட்கார்ந்து தார் ரோடு வரை போய், அங்கிருந்து மினிபஸ்ஸில் நசுங்கி, மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். வெளிப்புறப் பிரிவு என்று புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அது இயங்கியது. அதன் அதிகாரி சிக்கவோங்கா, வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லாத மனிதர்.

"சார், எங்ககிட்ட வெளிப்புறம் ஏற்கெனவே நிறைய இருக்கு," என்றார் யோனா. "உங்க புண்ணியத்துல அதுக்குக் குறைவே இல்ல. அந்தப் பணத்துல ஒரு கூரை போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"கம்வேந்தோ சார், கூரை வேற பிரிவு. எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எங்க நிதியை அக்டோபருக்குள்ள செலவு செஞ்சாகணும், இல்லேன்னா திருப்பி எடுத்துக்குவாங்க. நீங்க விண்ணப்பிக்கலேன்னு வைங்க, ஒத்துழைக்காத பள்ளின்னு ஒரு குறிப்பு எழுதுவேன். அந்தக் குறிப்பு எல்லாப் பிரிவுக்கும் போகும்."

"கூரைப் பிரிவுக்குமா?"

"அதுக்கு மட்டும் போகும்."

யோனா மகிழ்ச்சியோடு விண்ணப்பிக்கிறோம் என்ற கட்டத்தில் குறியிட்டார். மற்ற விவரங்களையும் உள்ளது உள்ளபடி நிரப்பினார். சுவரும் கூரையும் உள்ள கட்டடங்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் சுழியம் போட்டார். சிக்கவோங்காவின் முகம் வாடிவிட்டது.

"இதுதான் சிக்கல். உள்ளே இருந்தாத்தானே சார் வெளியே இருக்க முடியும்? உங்க பள்ளிக்கு உள்ளேயே இல்லேன்னா, மரத்தடியை நான் எதுக்கு வெளியேன்னு எழுதுறது? தணிக்கைக்காரன் என்னைச் சும்மா விடுவானா?"

"அப்ப எங்க பிள்ளைங்க இப்ப எங்க சார் உட்கார்ந்திருக்காங்க?"

சிக்கவோங்கா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். "அதுக்கு இதுல பேர் இல்ல," என்று மூடி வைத்தார்.

இருந்தாலும் அவர் கெட்டவரல்ல. மறுவாரம் நேரிலேயே வந்தார். பள்ளியைச் சுற்றிப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆனது. போகிற வழியில் அவர் கண்ணில் பட்டது கழிப்பறை. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று கட்டிக்கொடுத்துவிட்டுப் போனது. செங்கல் சுவர், தகரக் கூரை, பையன்களுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. சிக்கவோங்காவின் முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது.

"இவ்வளவு நாளா இதை ஏன் சார் மறைச்சீங்க? நிரந்தரக் கட்டடம் ஒண்ணு, அறைகள் ரெண்டு."

"அது கக்கூஸ் சார்."

"எதுக்குப் பயன்படுதுன்னு படிவம் கேக்கல. சுவர் இருக்கா, கூரை இருக்கான்னுதான் கேக்குது. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

யோனா தயங்கினார். இதை எழுதினால் வகுப்பறை வரிசையில் பாதிப்பு வராதா என்று கேட்டார். இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று சிக்கவோங்கா நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். எனெலெசி பின்னாலிருந்து யோனாவின் சட்டையை இழுத்தாள். ஒத்துழைக்காத பள்ளி என்ற சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருக்க, யோனா கையெழுத்துப் போட்டுவிட்டார். பதினோரு வருஷம் ஏமாறாமல் நின்ற மனிதர் ஏமாந்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

ஜூலையில் தலைமையாசிரியர்களுக்கு ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. பொருள், மரத்தடியில் கற்பித்தல். குளிரூட்டிய அரங்கம், ஜன்னல்களுக்குக் கனத்த திரை. தலைநகரிலிருந்து வந்த ஆலோசகர் திரையில் ஒரு படத்தைக் காட்டி, "இது மரம்," என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நிழல் நகருமே, அதற்கு என்ன செய்வது என்று யோனா ஒரு சந்தேகம் கேட்டார். ஆலோசகர் திகைத்துப் போனார். பத்து நிமிஷம் இடைவேளை விட்டார். மூன்றாம் நாள், நகரும் வகுப்பறை என்ற புதிய கண்டுபிடிப்பைத் திரையில் விளக்கினார். யோனாவும் கைதட்டினார். குளிரில் அவருக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது.

அடுத்தது ஊர்ப்பங்கு. எந்தத் திட்டமானாலும் செங்கலும் மணலும் ஊர்தான் தரவேண்டும் என்பது அங்கே வழக்கம். ஊர்த்தலைவி சிலேகா கூட்டம் போட்டு, வீட்டுக்கு இருநூறு செங்கல் என்று அறிவித்தாள். அறுக்காத வீட்டுக்குத் தண்டம் ஒரு கோழி.

"பள்ளிக்குத்தானே ஹெட்மாஸ்டர்?" என்று கேட்டாள்.

"பள்ளிக்குத்தான் தலைவியம்மா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்குச் செங்கல் என்றால் வகுப்பறைக்கு என்றுதான் எவருக்கும் தோன்றும். ஊரே ஓடைப் பள்ளத்தில் இறங்கிச் சேறு மிதித்தது. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பெண்கள் அச்சில் மண் அடித்தார்கள். தண்டமாக ஒரு கோழிகூட வசூலாகவில்லை. சூளை போட விறகு வேண்டுமே. சுற்றுவட்டாரத்து மரங்கள் எல்லாம் புகையிலையைப் பதப்படுத்த எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டன. மிச்சமிருந்த ஏழெட்டு மரங்களையும் வெட்டிச் செங்கல் சுட்டார்கள். பள்ளி மாமரத்தின் மேல் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

செங்கல் பத்தாயிரத்துக்கு மேல் சேர்ந்தது. எனெலெசி அடுக்கைச் சுற்றி வந்தாள். "சார், இதுல தாராளமா ரெண்டு வகுப்பறை எழுப்பலாம். தகரத்துக்கு ஊர்ல கேட்டுப் பாப்போம்."

யோனா சிக்கவோங்காவிடம் கேட்டார். சிக்கவோங்கா காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"இதெல்லாம் வெளிப்புறத் திட்டத்துல அறுத்த செங்கல் சார். வெளிப்புறச் செங்கலை உள்ளுக்குப் பயன்படுத்தினா அது மோசடி. நீங்க நல்ல மனுஷன், உள்ள போயிடாதீங்க."

செப்டம்பரில் மேஸ்திரிகள் வந்தார்கள். மாமரத்தைச் சுற்றி, அடிமரத்திலிருந்து இருபது தப்படி தள்ளி, ஆள் உயரத்துக்கு வட்டமாக ஒரு சுவர் எழுப்பினார்கள். இரும்புக் கேட் வைத்தார்கள். கேட்டை விடப் பெரிதாக ஒரு பலகை வைத்தார்கள். தலைவி சிலேகா வந்து சுவரை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இது என்ன ஹெட்மாஸ்டர், ஆட்டுப்பட்டியா?"

"திறந்தவெளிக் கற்றல் இடம்."

"கூரை எங்க?"

"வெளிப்புறத்துக்குக் கூரை கிடையாதாம் தலைவியம்மா."

"என் ஜனங்க கையில கொப்புளம் இன்னும் ஆறல. நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்களே வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க," என்று நடந்தாள். யோனா வீடு வீடாகப் போனார். யாரும் அவரைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி வேர்க்கடலை கொடுத்தார்கள். திட்டியிருந்தால் அவருக்கு ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும்.

அக்டோபர் நடுவில் திறப்பு விழா. தலைநகர் லிலோங்வேயிலிருந்து துணை இயக்குநர் அம்மையார் நாலு வண்டிகளோடு வந்தார். விருந்தினருக்குத் துணிப்பந்தல், மெத்தை நாற்காலி, ஃபாண்டா, பன். பிள்ளைகளுக்கு வெயில். பெண்கள் அமைச்சகத்தின் பெயர் அச்சடித்த துணியைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். வந்திருந்த ஒவ்வொருவரையும் பதவியோடு வணங்கி முடிக்க அம்மையாருக்குக் கால்மணி நேரம் ஆனது. பிறகு பேசினார்.

"நானும் மரத்தடியில படிச்சவதான். மழை வந்தா நனைவோம், வெயில் வந்தா காய்வோம். இனிமே எந்தப் பிள்ளையும் இப்படி முறையில்லாம மரத்தடியில உட்காரக் கூடாதுன்னு அன்னிக்கே சபதம் எடுத்தேன். அதான் இந்தச் சுவர். என் சொந்தப் பிள்ளைங்க ரெண்டும் வெளிநாட்டுல ஏசி ரூமுக்குள்ள படிக்குதுங்க. பாவம், அதுங்களுக்கு ஒரு மரம் உண்டா? உங்க பிள்ளைங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. சிலபேர் கேக்குறாங்க, இந்தப் பணத்துக்கு வகுப்பறை கட்டலாமேன்னு. கட்டலாம். ஆனா வகுப்பறையை எல்லா நாடும் கட்டுது. அதைப் பாக்க வெளிநாட்டுலேருந்து யார் வருவாங்க?"

பந்தலுக்குள் பலத்த கைதட்டல். வெயிலில் ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். எனெலெசி அவளைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் நிழலுக்குப் போனாள். இன்னும் ரிப்பன் வெட்டவில்லை என்று காவலர் அவளை வெளியே அனுப்பினார்.

விழா முடிந்ததும் சிக்கவோங்கா பயன்பாட்டு விதிகளை யோனாவிடம் கொடுத்தார். வெளிப்புறக் கற்றல் வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, நாற்பது நிமிஷம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் நாற்பது பிள்ளைகள். சாவி மாவட்ட அலுவலகத்தில் இருக்கும். வியாழன்தோறும் சிக்கவோங்காவே மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவார்.

"மத்த நேரம் பிள்ளைங்க எங்க சார் உட்காரும்?"

"வழக்கம்போல உள்ளேதான்."

யோனா விதிகளை இன்னொரு முறை படித்தார். தான் கையெழுத்துப் போட்ட காகிதம் சிக்கவோங்காவின் கோப்புக்குள் எட்டிப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

அந்த வாரமே இன்னொரு கடிதம். வெளிப்புறப் பிரிவும் கூரைப் பிரிவும் வரலாற்றில் முதல் முறையாகப் பேசிக்கொண்டுவிட்டன. சிம்பென்டே பள்ளிக்கு இரண்டு அறைகள் கொண்ட நிரந்தரக் கட்டடம் இருப்பது தெரியவந்ததால், அது வகுப்பறை வரிசையிலிருந்து நீக்கப்படுகிறது. கூடவே வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள்.

யோனா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். எனெலெசியின் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பூட்டை உடைச்சிடலாம் சார்," என்றாள் அவள். "ஒரு கல்லு போதும்."

"உடைச்சா நம்மள மாத்திடுவாங்க டீச்சர். நாம போனா இங்க வேற யார் வருவா சொல்லு."

"யாரும் வரமாட்டாங்க."

"அதான்."

பள்ளி சுவருக்கு வெளியே நடந்தது. காலை வெயிலில் மரத்தின் நிழல் சுவரைத் தாண்டி மேற்கே விழும். அந்த நீளத் துண்டில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏற ஏற நிழல் சுவருக்குள் போய்விடும். பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, எழுந்து, கடைசியில் வீட்டுக்குப் போவார்கள். இதையும் சிக்கவோங்கா ஒரு வியாழக்கிழமை சீக்கிரமே வந்து பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"நிழல் கசியுது சார்," என்றார். "நாற்பது பேருக்குக் கணக்குப் போட்ட நிழல். நூத்திநாப்பத்தாறு பேர் வெளியே உட்கார்ந்து அனுபவிக்கிறாங்க. தணிக்கைல இது பெரிய ஓட்டை."

மறுவாரம் இரண்டு ஆட்கள் அரிவாளோடு வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் நிழல் தரக்கூடிய கிளைகளையெல்லாம் கழித்தார்கள். பச்சை மாங்காய்கள் பொலபொலவென்று விழுந்தன. பிள்ளைகள் உப்பு வைத்துத் தின்றார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பாடம் நடக்கவில்லை என்பதே ஒரு சந்தோஷம். யோனாவுக்கு அழுகை வந்தது. தலைமையாசிரியர் அழக்கூடாது என்பதால் மூக்கைச் சிந்தினார்.

வெயிலில் பள்ளி நடத்திப் பார்த்தார்கள். நூற்று நாற்பத்தாறு நூற்றிப்பத்தாகி, எண்பதாகி, அறுபதானது. நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. யோனா தினமும் குடையோடு வந்து சுவர் ஓரமாக நின்றார். வந்த பிள்ளைகளை நனையாமல் போங்கள் என்று திருப்பி அனுப்பினார். வியாழக்கிழமை மட்டும் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். கேட் திறக்கிற அந்த நாற்பது நிமிஷமாவது மரத்தடியில் நின்று நாலு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால், பள்ளி இருக்கிறது என்ற நினைப்பாவது பிள்ளைகளுக்கு அறுந்துபோகாமல் இருக்கும் என்று நம்பினார்.

டிசம்பர் முதல் வியாழன் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சிக்கவோங்கா மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக வந்து சேர்ந்தார். கடமை தவறாத மனிதர். கேட்டைத் திறந்தார். பிள்ளைகள் ஓடிப்போய் அடிமரத்தை ஒட்டி நின்றார்கள். மிச்சமிருந்த இலைகள் மழையைக் கொஞ்சம் தடுத்தன. எனெலெசி கரும்பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மூன்று சின்னப் பிள்ளைகளை அதன் கீழே நிறுத்தினாள். பலகையில் எழுதியிருந்தது கரைந்து அவள் கையில் வழிந்தது.

சிக்கவோங்கா தலைகளை எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். முகம் மலர்ந்தது.

"முப்பத்தெட்டு," என்றார். "சார், விதிப்படி நாற்பதுக்குள்ள வந்த முதல் பள்ளி உங்களோடதுதான். மத்த இடத்துல எல்லாம் கூட்டம் கூட்டமாப் பிள்ளைங்களைச் சேர்த்து வச்சுக்கிட்டு என் உயிரை எடுக்கிறாங்க. எப்படி சார் சாதிச்சீங்க? அறிக்கையில எழுதணும்."

யோனா வருகைப் பதிவேட்டைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். முப்பத்தெட்டு பெயரை அல்ல, நூற்று நாற்பத்தாறையும். வராத பெயர் வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை பதில் சொன்னது.

"களை எடுக்கப் போயிட்டான் சார்."

"தம்பியப் பாத்துக்கிறா."

"இனிமே வரமாட்டேன்னுட்டான் சார்."

ஒவ்வொன்றையும் கேட்டு, தலையசைத்து, அடுத்த பெயருக்குப் போனார். மழைச் சத்தத்தில் சில பெயர்களை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. சிக்கவோங்கா அறிக்கையின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, அதை நனையாமல் உறையில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலாம் வகுப்பில் தொடங்கிய யோனா அப்போதுதான் ஒன்றாம் வகுப்புக்கு வந்திருந்தார்.

"நாப்பது நிமிஷம் ஆச்சு சார்," என்றார் சிக்கவோங்கா, சாவியை எடுத்துக்கொண்டே. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, அன்பாகவே சொன்னார்:

"வெளியே இருந்தது போதும் கண்ணுங்களா, நனையாதீங்க. எல்லாரும் உள்ள போங்க."

முப்பத்தெட்டு பேரும் யோனாவைப் பார்த்தார்கள். அவர் பதிவேட்டை மூடினார். பிள்ளைகள் வரிசையாகக் கேட்டைத் தாண்டி மழைக்குள் போனார்கள்.